கெயின்ஸ் கையெழுத்திட்ட முதல் பதிப்புகள்: கேள்வியும் பதிலும்

பல வருடங்களாக பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெயின்ஸின் புத்தகங்களை மட்டுமே தேடி வாங்கி வருகிறேன். அதில் தெரிந்ததைச் சொல்கிறேன். விலை மதிப்பீடு மட்டும் கேட்காதீர்கள், புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமல் யாராலும் அதைச் சொல்ல முடியாது.

கேள்வி: என்னிடம் உள்ள கெயின்ஸின் 'ஜெனரல் தியரி' புத்தகத்தில் முன்னுரையின் கீழே 1935 டிசம்பர் 13 என்று தேதி இருக்கிறது. புத்தகம் வந்தது 1936இல். அப்படியானால் இது வெளியீட்டுக்கு முன்பே அச்சான அபூர்வப் பிரதியா?

இல்லை. அது கெயின்ஸ் முன்னுரையை முடித்த தேதி. பிறகு வந்த மறு அச்சுகளிலும் அதே தேதிதான் இருக்கும். புத்தகம் லண்டனில் மேக்மில்லன் பதிப்பகம் வழியாக 1936 பிப்ரவரி 4 அன்று வெளியானது, விலை 5 ஷில்லிங். நானூறு பக்கத்தைத் தாண்டும் புத்தகத்துக்கு அன்றைக்கு அது குறைந்த விலை, மாணவர்கள் வாங்க வேண்டும் என்று அவரே விரும்பி வைத்தது. அச்சுச் செலவைத் தானே ஏற்றுக்கொண்டு பதிப்பகத்துக்குக் கமிஷன் கொடுக்கும் ஏற்பாட்டை அவர் 1919இலிருந்தே வைத்திருந்தார், அதனால்தான் விலை விஷயத்தில் அவர் பேச்சு எடுபட்டது. நீங்கள் பார்க்க வேண்டியது தலைப்புப் பக்கத்தின் பின்புறம். மறு அச்சு என்று ஒரு வரி இருந்தாலும் அது முதல் அச்சு இல்லை.

கேள்வி: அமெரிக்காவில் ஹார்கோர்ட் பிரேஸ் பதிப்பகம் போட்ட 'ஜெனரல் தியரி' 1936 பதிப்பும் முதல் பதிப்புதானே?

அமெரிக்க முதல் பதிப்பு. லண்டன் பதிப்புதான் முந்தியது. விற்பவர் வெறுமனே 'முதல் பதிப்பு, 1936' என்று போட்டிருந்தால் எந்த ஊர் என்று கேளுங்கள்.

கேள்வி: கையெழுத்து உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எழுத்தின் வடிவத்தை வைத்து ஆரம்பிக்காதீர்கள், அதைத்தான் போலி செய்பவன் நன்றாகப் பழகி வைத்திருப்பான். காலத்தை வைத்து ஆரம்பியுங்கள். கெயின்ஸ் இறந்தது 1946 ஏப்ரல் 21. பால்பாயிண்ட் பேனா கடைகளில் பரவலாக விற்கத் தொடங்கியதே 1945இன் கடைசியில்தான், ஆகவே 1936 என்று தேதி போட்டு பால்பாயிண்டில் கையெழுத்து இருந்தால் அங்கேயே மூடி வைத்துவிடலாம். அப்புறம், அவருடைய எழுத்துகளின் முப்பது தொகுதிகள் கொண்ட முழுத் தொகுப்பு 1971இலிருந்துதான் வந்தது, அதில் ஒரு தொகுதியில் 'ஆசிரியர் கையொப்பத்துடன்' என்று எழுதி விற்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பெயர். 1942இல் அவர் பிரபு ஆனார். பிரிட்டனில் பிரபுக்கள் பட்டப்பெயரை மட்டும் எழுதிக் கையொப்பமிடுவது வழக்கம். 1936 தேதியோடு வெறும் 'கெயின்ஸ்' என்று மட்டும் இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். இதைவிடப் பெரிய குழப்பம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. நம்முடையவர் ஜே. எம். கெயின்ஸ், அவருடைய அப்பா ஜே. என். கெயின்ஸ், அவரும் பொருளாதாரம் எழுதியவர், 1891இல் புத்தகம் போட்டவர், மகன் இறந்த பிறகும் 1949 வரை இருந்தார். அவசரமாக எழுதிய கையெழுத்தில் 'எம்'முக்கும் 'என்'னுக்கும் ஒரு வளைவுதான் வித்தியாசம். தம்பி ஜெஃப்ரி கெயின்ஸ் அறுவை மருத்துவர், அதோடு பெரிய புத்தக சேகரிப்பாளர். ஆகவே 'கெயின்ஸ்' என்ற பெயர் புத்தகத்தில் இருந்தாலே அது நம்முடைய கெயின்ஸ் ஆகிவிடாது. அப்பாவின் பெயர் உள்ள பிரதி எனக்குக் கிடைத்தால் சந்தோஷமாக வாங்குவேன், ஆனால் அப்பாவின் பெயராகவே வாங்குவேன்.

கேள்வி: ஆசிரியரின் வாழ்த்துகளுடன் என்று அச்சிட்ட சிறு சீட்டு உள்ளே இருக்கிறது. இது கையெழுத்துப் பிரதிக் கணக்கில் வருமா?

வராது. சீட்டு ஒரு புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது மிகச் சுலபம். ஆனால் தூக்கிப் போடாதீர்கள், இருந்த பக்கத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு வந்த பிரதியில் கையெழுத்து அழகாக இருக்கிறது, ஆனால் தாள் அந்த இடத்தில் கொஞ்சம் தடிமனாக இருக்கிறது.

ஒட்டியிருக்கிறார்கள். கெயின்ஸ் 1911 முதல் 1945 வரை 'எகனாமிக் ஜர்னல்' இதழின் ஆசிரியர், 1924இலிருந்து கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் நிதிப் பொறுப்பாளர். எத்தனை தட்டச்சுக் கடிதங்களுக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பார் என்று யோசியுங்கள். அந்தக் கடிதத்தின் அடியை வெட்டி, சாதாரணப் பிரதியில் ஒட்டி, கையெழுத்துப் பிரதி என்று விற்றுவிடுகிறார்கள். கையெழுத்து உண்மையானதுதான், புத்தகத்தோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. நானும் ஆரம்ப காலத்தில் ஒரு விற்பனையாளரிடம் இப்படி ஏமாந்தேன். அவர் அனுப்பிய படத்தில் கையெழுத்து மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அதனால் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: முழுப் பக்கத்தின் படம் கேளுங்கள், பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து எடுத்த படம் கேளுங்கள். ஒட்டிய விளிம்பு நிழலில் தெரிந்துவிடும். மறுத்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: நானும் ஒரு படம் அனுப்பியிருக்கிறேன், கையெழுத்து மட்டும். உண்மையா?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். முழுப் பக்கம்.

கேள்வி: இன்னொரு பொருளாதார அறிஞர் ஹாயெக்கின் 'ரோட் டு செர்ஃப்டம்' புத்தகம் பற்றிச் சொல்ல முடியுமா?

லண்டன் ரௌட்லெட்ஜ் 1944 மார்ச், சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பு அதே வருடம் செப்டம்பர். லண்டன்தான் முந்தியது. ஹாயெக் 1992 வரை இருந்தார். அதற்குமேல் ஹாயெக் சேகரிப்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: என் பிரதியில் கெயின்ஸ் ஒருவருக்குப் பெயர் எழுதி அன்பளித்திருக்கிறார். வெறும் கையெழுத்துக்குத்தான் மதிப்பு என்கிறார்கள். மேலே உள்ள பெயரைப் பக்குவமாக அழித்துவிடலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். ஊற்றுப்பேனா மை தாளின் நாருக்குள் இறங்கியிருக்கும், எடுத்தால் நாரும் சேர்ந்து கிழியும், ரசாயனம் போட்டால் புற ஊதா விளக்கில் கறை பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

அதே நண்பர்: எல்லா இடத்திலும் வெறும் கையெழுத்தைத்தான் விரும்புகிறார்கள். யாரென்றே தெரியாத ஒருவர் பெயர் என் புத்தகத்தில் எதற்கு?

நேற்று வெளியான நாவலுக்கு அது பொருந்தலாம். வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்த கையெழுத்தில் பெயர் இருந்தால் அடுத்தவருக்குப் பிடிக்காது, சரி. கெயின்ஸ் விஷயம் வேறு. அவர் கையெழுத்துள்ள பிரதிகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தவை. 'ஜெனரல் தியரி' முன்னுரையில் கான், ஜோன் ராபின்சன், ஹாட்ரி, ஹாரட் ஆகிய சக பொருளாதார அறிஞர்களுக்கு நன்றி சொல்கிறார், கடைசியில் வரும் அகரவரிசைச் சொல்லடைவைத் தயாரித்த பென்சுசன்-பட்டையும் குறிப்பிடுகிறார். இவர்களில் ஒருவர் பெயர் உங்கள் பக்கத்தில் இருந்தால், அந்தப் புத்தகம் உருவான அறைக்குள் இருந்த பிரதி அது. அந்தப் பெயரை அழித்த பிறகு கையில் மிஞ்சுவது ஒரு கையெழுத்துதான்.

இன்னொருவர்: நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர் காசு, அவர் புத்தகம். நீங்கள் ஏன் தடுக்க வேண்டும்?

அவர் புத்தகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை அவருக்கு முன் சிலர் காப்பாற்றி வைத்ததால்தான் இன்று அவர் கையில் இருக்கிறது. கெயின்ஸே சேகரிப்பாளர். 1936இல் விஞ்ஞானி நியூட்டன் கைப்பட எழுதிய தாள்கள் ஏலத்தில் சிதறிப் போனபோது, முடிந்தவரை வாங்கிச் சேர்த்து, கிங்ஸ் கல்லூரிக்கு எழுதி வைத்தார். 1938இல் பொருளாதார அறிஞர் ஸ்ராஃபாவோடு சேர்ந்து, ஆசிரியர் பெயரில்லாமல் 1740இல் வந்த ஒரு சிறு நூல் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் எழுதியதே என்று வாதிட்டு மறுபதிப்புப் போட்டார். யார் எழுதியது, யார் கையில் இருந்தது என்பதற்காக இவ்வளவு உழைத்த மனிதருடைய புத்தகத்தில், அவர் கைப்பட எழுதிய பெயரை அழிப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

முதல் நண்பர்: சரி, அழிக்கவில்லை. ஆனால் பெயர் முதலெழுத்துகளாகத்தான் இருக்கிறது. யாரென்று எப்படித் தேடுவது?

நன்றி. முன்னுரையில் உள்ள பெயர்களில் ஆரம்பியுங்கள். பிறகு முழுத் தொகுப்பின் 13, 14ஆம் தொகுதிகளைப் பாருங்கள், 'ஜெனரல் தியரி' எழுதிய காலத்துக் கடிதப் போக்குவரத்து அங்கே இருக்கிறது. தேதியும் எழுதியிருந்தால் அந்த வாரத்துக் கடிதங்களைத் தேடுங்கள். பிறகு கிங்ஸ் கல்லூரி ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள், அவருடைய காகிதங்கள் அங்கேதான் இருக்கின்றன. பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள், டேப் எதுவும் ஒட்டாதீர்கள், அதன் பசை பழுத்துத் தாளுக்குள் இறங்கிவிடும்.

கேள்வி: கெயின்ஸின் 'ட்ரீட்டிஸ் ஆன் மணி' இரண்டு தொகுதி, முதல் தொகுதியில் மட்டும் கையெழுத்து. குறையா?

குறை இல்லை. இரண்டுமே 1930 முதல் அச்சுதானா என்று மட்டும் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பாருங்கள், பின்னால் ஜோடி சேர்த்த செட்டுகள் நிறையச் சுற்றுகின்றன.