மெல் ஸ்டாட்டில்மயர்: பிட்சரும் பயிற்சியாளரும் (கேள்வி பதில்)

அமெரிக்க பேஸ்பாலில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் பிட்சராக (பந்து வீசுபவராக) விளங்கி, பின்னர் பிட்சிங் பயிற்சியாளராகப் புகழ்பெற்ற மெல் ஸ்டாட்டில்மயர் (1941–2019) குறித்து வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: அவருடைய பந்துவீச்சின் சிறப்பு என்ன?

பதில்: சிங்கர் என்னும் பந்துதான். மட்டையை நெருங்கும் நேரத்தில் அது கீழே இறங்கிவிடுவதால், அடிப்பவரின் மட்டை பந்தின் மேற்பாதியில் பட்டுப் பந்து தரையில் உருண்டோடும்; உள்வட்டத்தில் நிற்பவர்கள் அதை எடுத்து அவுட் செய்துவிடுவார்கள். ஸ்டிரைக்-அவுட்டுக்கு (அடிப்பவர் நல்ல பந்துகளை மூன்று முறை தவறவிட்டு அவுட் ஆவது) குறைந்தது மூன்று பந்துகள் வேண்டும், தரையில் உருளும் அவுட்டுக்கு ஒரே பந்து போதும் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் ஒரு சண்டைக்கு அது தேவைப்படும். 1964-இல் நடுப்பருவத்தில் அணிக்கு வந்த அவர், அதே ஆண்டு உலகத் தொடரில் (பருவத்தின் இறுதிப் பட்டத் தொடர்) எதிரணிப் பிட்சர் பாப் கிப்சனை மூன்று முறை எதிர்கொண்டார். இரண்டாம் ஆட்டத்தில் வென்றார், ஏழாம் ஆட்டத்தில் தோற்றார்.

கேள்வி: 1966-இல் 20 ஆட்டங்களில் தோற்றவரையா பாராட்டுகிறீர்கள்?

பதில்: வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் வைத்துப் பிட்சரை எடைபோடாதீர்கள். அவ்வாண்டு யாங்கீஸே பத்து அணிகளில் கடைசி இடத்தில் இருந்தது.

கேள்வி: ஹால் ஆஃப் ஃபேமில் (பேஸ்பாலின் சிறந்த வீரர்களுக்கான கௌரவப் பட்டியலில்) அவர் ஏன் இல்லை?

பதில்: 1974-இல் தோள்பட்டைத் தசைநார் கிழிந்து, 32 வயதில் ஆட்டம் முடிந்தது, மறு ஆண்டு அணி விடுவித்தது. 164 வெற்றிகளோடு கணக்கு நின்றுவிட்டது.

கேள்வி: பிட்சிங் பயிற்சியாளர் வேலை கிரிக்கெட்டின் பந்துவீச்சுப் பயிற்சியாளரைப் போன்ற வேலையா?

பதில்: ஏறக்குறைய, ஆனால் பிட்சிங் பயிற்சியாளர் ஆட்டத்தின் நடுவே, பிட்சர் நின்று வீசும் மேட்டுக்கே நடந்துபோய்ப் பேசலாம்.

கேள்வி: நியூயார்க்கின் இன்னொரு அணியான மெட்ஸில் பயிற்சியாளராக இருந்தபோது, இளம் பிட்சர் டுவைட் கூடனைக் கெடுத்தவர் அவர்தானே?

பதில்: இதை எதிர்பார்த்தேன். 1985-இல் கூடன் 24 வெற்றி, 4 தோல்வி, 268 ஸ்டிரைக்-அவுட். அடுத்த ஆண்டு ஸ்டிரைக்-அவுட் 200 ஆகக் குறைந்தது. வேகம் குறைந்த பந்தையும் பழகச் சொன்னதே காரணம் என்பது குற்றச்சாட்டு. ஆனால் 20 வயதுப் பையன் ஒரே பருவத்தில் 276 இன்னிங்ஸுக்கு (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது) மேல் வீசியிருக்கிறான். 1987 வசந்தத்தில் கொக்கெய்ன் சோதனையில் சிக்கியும் இருக்கிறான். இவற்றை விட்டுவிட்டுப் பயிற்சியாளர்மேல் பழி போடுவது எப்படி?

கேள்வி: அப்படியானால் 1985-க்கான பெருமையும் அவருக்குக் கிடையாதா?

பதில்: நல்ல மடக்கு. முழுப் பெருமையும் கிடையாது என்றே சொல்வேன். என்றாலும் நன்றாக ஓடுகிற கையில் புதுப் பந்தைத் திணித்தது அவசரம் என்ற வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு; தன் தோள் கிழிந்த ஒருவர், பந்துகளை மிச்சப்படுத்தும் வழியைச் சீடனுக்குக் காட்ட நினைத்தது எனக்குப் புரிகிறது.

கேள்வி: 164 வெற்றி இருந்தும் ஹால் ஆஃப் ஃபேம் ஏன்...

பதில்: மேலே சொல்லிவிட்டேன். வெற்றிக் கணக்கை விடுங்கள் என்றும் சொல்லிவிட்டேன்.

கேள்வி: கூடன் பிறகு அவரிடம் வந்தாரா?

பதில்: வந்தார். 1996-இல் ஸ்டாட்டில்மயர் யாங்கீஸின் பயிற்சியாளரானபோது கூடனும் அங்கே சேர்ந்தார். அந்த மே 14-ஆம் நாள் சியாட்டில் அணிக்கு ஒரு ஹிட் (அடித்துவிட்டு ஓடி பேஸை எட்டும் அடி) கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தார். 134 பந்துகள் வீசியதில் ஸ்டிரைக்-அவுட் ஐந்துதான்.