ரிப்போர்ட்டில் 1:8 என்று இருக்கிறது, அப்படி என்றால் என்ன? சிஃபிலிஸ் கேள்வி பதில்

ஓர் அரசு மருத்துவமனையில், பால்வினை நோய்ப் பிரிவுக்கு ரத்தம் சோதித்துக் கொடுக்கும் லேப் டெக்னீஷியனாக 22 வருடம் இருந்தேன். நான் டாக்டர் இல்லை. மருந்து எழுதுவது அவர்கள் வேலை, ரிப்போர்ட்டைப் புரிய வைப்பது என்னால் முடியும். சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயைப் பற்றி வந்த கேள்விகள் இவை, ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயரும் ஊரும் எடுத்தாயிற்று.

அக்கா, இரண்டு மாதம் முன்பு ஆணுறுப்பில் ஒரு புண் வந்தது. வலியே இல்லை. நாட்டு மருந்துக் கடையில் பறங்கிப்பட்டைச் சூரணம் வாங்கிச் சாப்பிட்டேன், மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. இனி பயமில்லைதானே?

சூரணத்தால் ஆறியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. சிஃபிலிஸின் முதல் கட்டப் புண், எதுவுமே சாப்பிடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். பறங்கியரோடு வந்த நோய் என்று இதற்குப் பறங்கிப்புண் என்றே பேர் வைத்தோம், அதற்கு ஒரு பட்டையையும் கண்டுபிடித்தோம். ஐரோப்பாவில் பாதரசம் பூசினார்கள். புண் தானே ஆறும்போது அந்த நேரத்தில் கையில் இருந்த மருந்துக்கெல்லாம் நல்ல பெயர்.

தொற்றிய பத்தாவது நாளிலிருந்து தொண்ணூறாவது நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் அந்தப் புண் வரலாம், பெரும்பாலும் மூன்று வாரத்தில். ஓரம் கெட்டியாக, காது மடல் குருத்தைத் தொடுவது போல இருக்கும். அரையில் நெறி கட்டும், அதுவும் வலிக்காது. பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயிலும், சிலருக்கு ஆசனவாயிலும் வந்தால் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். புண் ஆறினாலும் கிருமி ரத்தத்தில்தான் இருக்கிறது. இரண்டு மாதம் ஆகிவிட்டதால் உங்களுக்கு இருந்தால் பெரும்பாலும் பரிசோதனையில் தெரிந்துவிடும். நாளைக்கே போங்கள்.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செந்நிறப் புள்ளிகள். அரிப்பு இல்லை. அலர்ஜி மாத்திரை போட்டும் போகவில்லை. இதுவாக இருக்குமா?

இருக்கலாம். உள்ளங்கை, உள்ளங்கால், அரிப்பில்லாத புள்ளி, இந்த மூன்றும் சேர்ந்தால் எங்கள் டாக்டர் வேறெதையும் கேட்பதற்கு முன்பே ரத்தம் எடுக்கச் சொல்லிவிடுவார். இரண்டாம் கட்டத்தில் காய்ச்சல், தொண்டை வலி, பூச்சி அரித்தது போல அங்கங்கே முடி உதிர்வது, வாயில் வெள்ளைப் படலம், ஈரமான மடிப்புகளில் தட்டையான பருக்கள் எல்லாம் வரும். உடம்புச் சூடு என்று இளநீர் குடித்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். இதுவும் தானாகப் போய்விடும், அங்கேதான் ஏமாந்துபோவது.

எனக்கே ஒரு தடவை ஆனது. உடம்பு முழுக்கப் புள்ளியோடு வந்தவருக்கு நெகட்டிவ் எழுதி அனுப்பிவிட்டேன். டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பி, "கலக்கிப் பார்" என்றார். அதே ரத்தத்தை நீர்க்கச் செய்து போட்டேன், 1:128 வரை, அதாவது 128 மடங்கு நீர்த்த பிறகும், பாசிட்டிவ். ஆன்டிபாடி அளவுக்கு மீறி இருந்தால் நீர்க்காத ரத்தத்தில் சோதனை வேலை செய்யாமல் போகும். புள்ளி இருந்தும் ரிப்போர்ட் நெகட்டிவ் என்றால், இதை டாக்டரிடம் கேளுங்கள்.

வி.டி.ஆர்.எல் 1:8, டி.பி.எச்.ஏ பாசிட்டிவ். கூகுளில் தேடித் தூக்கம் போனதுதான் மிச்சம். விளக்க முடியுமா மேடம்?

நீங்கள் சொன்ன இரண்டும் சிஃபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனைகள். வி.டி.ஆர்.எல்லும் அதன் தங்கை ஆர்.பி.ஆரும் ஒரே வகை. ஆர்.பி.ஆரில் வட்டங்கள் போட்ட வெள்ளை அட்டை இருக்கும். ஒரு வட்டத்தில் உங்கள் சீரம், அதாவது ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீர், ஒரு சொட்டு, அதன் மேல் கரித்தூள் கலந்த மருந்து ஒரு சொட்டு. சுழலும் மேடையில் எட்டு நிமிடம். நெகட்டிவ் என்றால் ஒரே சீரான சாம்பல் நிறம். பாசிட்டிவ் என்றால் கறுப்பு ரவை மாதிரி திரிந்து நிற்கும். அப்புறம் சீரத்தைப் பாதி, கால், அரைக்கால் என்று நீர்க்கச் செய்துகொண்டே போவோம். கடைசியாக எதில் திரிகிறதோ அதுதான் உங்கள் எண். 1:8 என்றால் எட்டு மடங்கு நீர்த்த பிறகும் திரிந்திருக்கிறது. கீழே உள்ள எண் பெரிதாக ஆக, நோய் துடிப்பாக இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லலாம்.

ஆனால் இந்தச் சோதனை கிருமியை நேராகப் பார்ப்பதில்லை. செல்கள் சேதமாகும்போது உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைப் பிடிக்கிறது. அதனால்தான் மலேரியா, தொழுநோய், லூபஸ், கர்ப்பம், முதுமை இதிலெல்லாம்கூடப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். டி.பி.எச்.ஏ இந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடுகிறது. உங்களுக்கு இரண்டும் பாசிட்டிவ் என்பதால், இதற்கு முன் சிகிச்சை எடுக்காதவர் என்றால் நோய் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார்கள். தொற்றி ஒன்றிரண்டு வருடத்துக்குள் என்றால் பென்சதீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட் ஒரே தடவை. அதற்கு மேல் ஆகியிருந்தால், அல்லது எப்போது என்றே தெரியாவிட்டால், வாரம் ஒன்றாக மூன்று வாரம். இடுப்பில் போடும் கெட்டியான ஊசி, வலிக்கத்தான் செய்யும்.

ஐந்தாம் மாதம் அக்கா. வி.டி.ஆர்.எல் 1:2, டி.பி.எச்.ஏ நெகட்டிவ். வீட்டுக்காரர் என்னிடம் பேசுவதில்லை.

அவரிடம் இதைப் படிக்கக் கொடுங்கள். குறைந்த எண், டி.பி.எச்.ஏ நெகட்டிவ். கர்ப்பத்தில் இப்படிப் பொய்யாக வருவது எங்கள் லேபில் அவ்வப்போது பார்க்கிற விஷயம். சில வாரம் கழித்து இரண்டையும் மறுபடி செய்வார்கள், நோயின் ஆரம்பம் இல்லை என்று உறுதி செய்ய. அதைத் தவற விடாதீர்கள். உண்மையிலேயே இருந்தால் கருவிலேயே குழந்தைக்குப் போகும், கரு கலையலாம், குழந்தை இறந்து பிறக்கலாம். பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது பெனிசிலின் போட்டுவிட்டால் பெரும்பாலும் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம். முதல் செக்கப்பிலேயே இந்தச் சோதனையை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எழுதுவது இதற்குத்தான். உங்கள் நடத்தை மீது சந்தேகப்பட்டு யாரும் எழுதவில்லை. அவரும் ஒரு தடவை ரத்தம் கொடுக்கட்டும், பேச்சு தானாக வரும்.

மூன்று வருடம் முன்பே ஊசி போட்டாச்சு. இப்போது வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் டி.பி.எச்.ஏ பாசிட்டிவ் என்று நிறுத்திவிட்டார்கள். ஊசி வேலை செய்யவில்லையா சார்?

சார் இல்லை, அக்காதான். டி.பி.எச்.ஏ ஒரு தடவை பாசிட்டிவ் ஆனால், பெரும்பாலானவர்களுக்கு ஆயுசுக்கும் பாசிட்டிவ்தான். அம்மைத் தழும்பு மாதிரி. குணமானதா என்று பார்க்க வி.டி.ஆர்.எல் எண்ணைப் பார்க்க வேண்டும். 1:32 இருந்தது ஒரு வருடத்துக்குள் 1:8க்கோ அதற்குக் கீழோ வந்திருந்தால், அதாவது நாலு மடங்கு குறைந்திருந்தால், ஊசி வேலை செய்திருக்கிறது. சிலருக்கு 1:2, 1:1 என்று அங்கேயே நின்றுவிடும். குறைந்த எண் மறுபடி நாலு மடங்கு ஏறினால் புதிதாகத் தொற்றியிருக்கலாம். ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்பதெல்லாம் இதில் கிடையாது. பழைய ரிப்போர்ட், ஊசி போட்ட சீட்டு, இப்போதைய வி.டி.ஆர்.எல் மூன்றையும் எடுத்துப்போய் டாக்டரிடம் சான்றிதழ் கேளுங்கள். சீட்டைத் தொலைத்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

போன சனிக்கிழமை தப்பு நடந்தது. திங்கட்கிழமை டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ்.

இரண்டு நாளில் எதுவும் தெரியாது, அந்தக் காசுக்குப் பிரியாணி சாப்பிட்டிருக்கலாம். ஆறு வாரத்தில் ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று எடுங்கள். நடுவில் புண் வந்தால் உடனே.

ஹாஸ்டல் பாத்ரூம், ரூம்மேட் தட்டு, இதில் தொற்றுமா? ஆணுறை போட்டால்?

பாத்ரூம், தட்டு வழியாகத் தொற்றாது. உடம்புக்கு வெளியே காய்ந்தால் இந்தக் கிருமி சீக்கிரம் செத்துவிடும். புண்ணோ ஈரப்பருவோ நேராகப் படவேண்டும், வாய்வழி உறவிலும் அப்படித்தான். உறை மூடிய இடத்துக்குத்தான் பாதுகாப்பு. புண் வெளியே இருந்தால் உறை என்ன செய்யும்?

அப்பாவுக்கு 68 வயது. கண்புரை ஆபரேஷனுக்கு முன் பாசிட்டிவ் வந்தது. எங்களுக்கும் ஒட்டுமா?

ஒட்டாது. பல வருடம் உள்ளே உறங்கிய நிலையில் உடலுறவிலும் பொதுவாகப் பரவுவதில்லை. ஆனால் அவருக்குச் சிகிச்சை வேண்டுமா என்று பார்த்தே ஆக வேண்டும். விட்டால் சிலருக்குப் பத்து, இருபது வருடம் கழித்து இதயப் பெருந்தமனி, மூளை என்று போகும். கண்ணையும் காதையும் எந்தக் கட்டத்திலும் தாக்கலாம், அதனால் கண் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கும் ஒரு தடவை பாருங்கள்.

ஊசி போட்ட அன்று ராத்திரி குளிர் காய்ச்சல். மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா? மனைவியிடம் சொல்லியே ஆக வேண்டுமா?

கிருமிகள் மொத்தமாகச் சாகும்போது வரும் காய்ச்சல் அது, ஒரு நாளில் அடங்கும். மூச்சுத்திணறலோ, தடிப்போ, முகவீக்கமோ என்றால் அது வேறு, உடனே ஆஸ்பத்திரி. மனைவிக்குச் சொல்லியே ஆக வேண்டும். கடந்த மூன்று மாதத்துக்குள் உறவு இருந்தால், அவருக்கு ரிப்போர்ட் நெகட்டிவாக வந்தாலும் சிகிச்சை தருவார்கள். ஊசி போட்டு ஒரு வாரம் ஆகி, புண்ணும் முழுக்க ஆறும்வரை விலகி இருங்கள். உங்களுக்கு மட்டும் போட்டுக்கொண்டால் அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வீர்கள்.

யாருக்கும் தெரியாமல் எங்கே போவது?

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் என்று ஒன்று இருக்கும், இலவசம். பக்கத்திலேயே நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி.யும் பார்த்துவிடுங்கள். சிஃபிலிஸ் புண் இருந்தால் அதுவும் எளிதில் தொற்றும். வாசலில் நோய்ப் பெயர் சொல்ல வேண்டாம், "சுகவாழ்வு மையம் எங்கே?" என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள்.