ஐந்தாவது அழுத்தலுக்குத்தான் எழுந்திருக்கிறது: கணினி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். டெஸ்க்டாப் ஒரு நாள் ஆன் ஆகிறது, மறுநாள் மக்கர் பண்ணுகிறது. லேப்டாப்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். வழக்கமான எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேபினெட்டைத் திறக்கும் முன் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள்.

கேள்வி: சார், என் கம்ப்யூட்டர் சரியாக ஆன் ஆகவில்லை. என்ன செய்வது? அவசரம். (ஊர் எழுதவில்லை)

பதில்: டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா? ஃபேன் சுற்றுகிறதா, பீப் சத்தம் வருகிறதா, திரையில் ஏதாவது எழுத்து தெரிகிறதா, வாங்கி எத்தனை வருடம், கடைசியாக எதைக் கழற்றி மாட்டினீர்கள்? இந்த ஐந்தையும் எழுதி அனுப்புங்கள். எழுதும்போதே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடும்.

கேள்வி: தினமும் காலையில் தேதி 2009-க்குப் போய்விடுகிறது. எஃப்1 அழுத்தினால்தான் மேலே போகிறது. பிரவுசரில் எந்தத் தளமும் திறப்பதில்லை. வைரஸா? (திண்டுக்கல்)

பதில்: மதர்போர்டில் (எல்லாப் பாகங்களையும் மாட்டியிருக்கும் பெரிய பலகை) இருக்கும் காசு மாதிரி பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேளுங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும், ஐம்பது ரூபாய்க்குள் வேலை முடியும். புதிதாக இருந்தால் 3 வோல்ட் காட்ட வேண்டும். தேதி தப்பானால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும், அதனால்தான் பிரவுசர் முரண்டு பிடிக்கிறது. வைரஸ் இல்லை.

கேள்வி: ஆன் செய்தால் நீளமாக பீப் அடித்துக்கொண்டே இருக்கிறது. திரை கறுப்பு. சில நாள் தானாகச் சரியாகிவிடுகிறது. (நாகப்பட்டினம்)

பதில்: ரேம், அதாவது தற்காலிக நினைவகப் பட்டைதான் காரணம். கழற்றி, பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூசியை ஊதித் தள்ளிவிட்டு, இரண்டு பக்கமும் 'க்ளிக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றுக்கு இதை வருடம் ஒரு முறை செய்ய வேண்டியிருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு!

கேள்வி: காலையில் பவர் பட்டனை நாலைந்து முறை அழுத்தினால்தான் ஃபேனே சுற்றத் தொடங்குகிறது. ஆனபின் இரவுவரை ஒரு குறையும் இல்லை. பகலில் அணைத்துப் போட்டாலும் உடனே வருகிறது. கடையில் ரேம் மாற்றினார்கள், இரண்டு முறை ஃபார்மட் செய்தார்கள். வாங்கி ஆறு வருடம். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை டப்பா) கேபினெட்டோடு வந்தது, 450 வாட். (உதகமண்டலம்)

பதில்: ஃபேனே சுற்றாத கம்ப்யூட்டருக்கு ஃபார்மட்டா! விண்டோஸ் என்ன பாவம் செய்தது? அது இருக்கும் டிஸ்க்குக்கு இன்னும் கரண்டே போகவில்லை.

குளிரில் சண்டித்தனம், சூடேறியதும் சமர்த்து என்றால் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் கெபாசிட்டரைத்தான் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் குட்டி உருளை) சந்தேகப்பட வேண்டும். உள்ளே இருக்கும் திரவம் வருடக்கணக்கான சூட்டில் காய்ந்துபோகும். மிச்சம் இருப்பதும் ஊட்டிக் குளிரில் மந்தமாகிவிடும். நீங்கள் நாலு முறை அழுத்தும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறுகிறது, ஐந்தாவது முறை எழுந்துவிடுகிறது. இன்னும் சில மாதம் கழித்துப் பத்து முறை அழுத்துவீர்கள். அப்புறம் ஒரு நாள் எழவே எழாது.

கடைசி வரியில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன "கேபினெட்டோடு வந்தது" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இருபது வருடமாக இதைச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது. ப்ராசசருக்கு இருபதாயிரம் கொடுப்பார்கள், கண்ணாடிக் கதவு, கலர் லைட் என்று கேபினெட்டுக்கு மூவாயிரம் கொடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் சோறு போடும் எஸ்எம்பிஎஸ் மட்டும் இலவச இணைப்பாக வர வேண்டும். ஸ்டிக்கரில் 450 என்று அச்சடிக்க யாருக்கும் செலவில்லை. அந்த ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். 16 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள்: 190 வாட் சொச்சம். இன்றைய ப்ராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். மீதி வாட்டெல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கணக்குக் காட்டப்பட்டிருக்கும், உங்களுக்கு உதவாது. கையில் தூக்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். தக்கை மாதிரி இருந்தால் உள்ளே சரக்கு இல்லை.

யூடியூப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கம்பியால் இணைத்து "ஃபேன் சுற்றுது சார், எஸ்எம்பிஎஸ் நல்லாத்தான் இருக்கு" என்று எழுதுகிறவர்களுக்கும் இங்கேயே பதில். வெறும் வண்டி மேட்டில் ஏறும், மூட்டை ஏற்றினால்தானே தெரியும்? மீட்டரில் 12 வோல்ட் என்பது 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் நிற்க வேண்டும், அதுவும் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது. நம்பகமான சோதனை ஒன்றுதான்: நல்ல நிலையில் இருக்கும் வேறு எஸ்எம்பிஎஸ்ஸை நண்பரிடம் கடன் வாங்கி, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். காலையில் முதல் அழுத்தலுக்கே வந்தால் பழையதைத் தூக்கிப் போடுங்கள். அப்போதும் அதே கதைதான் என்றால் மதர்போர்டில் தலை உப்பிய கெபாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

கேள்வி: ஷட்டவுன் செய்து மறுநாள் ஆன் செய்தால் விண்டோஸ் லோகோவிலேயே நின்றுவிடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் நன்றாக வருகிறது. (ஈரோடு)

பதில்: விண்டோஸ் 8-லிருந்து ஷட்டவுன் என்பது அரைத் தூக்கம்தான். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, உள்நிலையைக் கோப்பாக எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அதையே எடுத்து ஓட்டும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். பத்து வினாடி தாமதமாக வரும், வரட்டும்.

கேள்வி: போன வாரம் நானே ப்ராசசர் ஃபேனைக் கழற்றித் தண்ணீரில் கழுவி மாட்டினேன். அதிலிருந்து சில வினாடி ஓடி அணைந்துவிடுகிறது. மதர்போர்டு போய்விட்டதா? (மதுரை)

பதில்: கழுவினீர்களா! சரி. ப்ராசசருக்கும் ஃபேனுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதுசு தடவினீர்களா? கடிதத்தில் இல்லை, தடவவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஃபேனின் நான்கு மூலைப் பிளாஸ்டிக் பின்களும் மதர்போர்டின் மறுபக்கம் முழுதாக வெளியே வந்திருக்க வேண்டும். ஒன்று தூக்கிக்கொண்டிருந்தாலும் ப்ராசசர் நூறு டிகிரியைத் தொட்டுத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். ஃபேன் நன்றாகக் காய்ந்த பிறகு.

கேள்வி: புது அசெம்பிள் சிஸ்டம். எல்லா ஃபேனும் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரையில் ஒன்றுமில்லை. (திருச்சி)

பதில்: ப்ராசசர் பக்கத்தில் தனியாக இருக்கும் 4 அல்லது 8 பின் ஒயரை மாட்டினீர்களா? கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டரின் எச்டிஎம்ஐ ஒயர் அதில்தான் இருக்க வேண்டும், மதர்போர்டில் அல்ல. இன்டெல் ப்ராசசர் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அதில் கிராஃபிக்ஸே கிடையாது. டிடிஆர்5 ரேம் என்றால் முதல் முறை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். அணைக்காமல் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது. ஆன் ஆவதும் ஒழுங்கில்லை, யூஎஸ்பி சொருகினால் ரீஸ்டார்ட் ஆகிறது. பழைய வீடு. (கும்பகோணம்)

பதில்: எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாகக் கசியும் மின்சாரம் போக வழியில்லாமல் கேபினெட்டிலேயே நிற்கிறது. மீட்டர் வைத்தால் நூறு வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டும். எலக்ட்ரீஷியனை வைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வருகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மூன்று வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எர்த் குழி வறண்டிருந்தால் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். "நியூட்ரலையே மூன்றாவது ஓட்டையில் இழுத்துக் கொடுத்துடறேன் சார்" என்று சொல்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள், அது ஆளைக் கொல்லும். யூஎஸ்பி விவகாரத்தை எர்த் சரியான பிறகு எழுதுங்கள்.

கேள்வி: கரண்ட் போனால் யூபிஎஸ் இருந்தும் கம்ப்யூட்டர் அணைகிறது. (வேலூர்)

பதில்: யூபிஎஸ் பேட்டரி. 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். லேசர் பிரிண்டரை அதில் சொருகியிருந்தால் இன்றே பிடுங்குங்கள்.

கேள்வி: சில நாள் பூட் டிவைஸ் இல்லை என்கிறது, ஹார்ட் டிஸ்க்கில் 'டக் டக்' சத்தம். ஃபார்மட் செய்தால் சரியாகுமா? (தூத்துக்குடி)

பதில்: ஆகாது. அடுத்த முறை அது ஆன் ஆனால் கல்யாண போட்டோ, கணக்கு வழக்கு எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். வேறு எந்தச் சோதனையும் அதற்கு முன் வேண்டாம். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா ஒயரை மாற்றுவது, புது எஸ்எஸ்டி வாங்குவது எல்லாம் அப்புறம்.

கேள்வி: பவர் பட்டன் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. ஆன் ஆகி நாலு வினாடியில் அணைகிறது. (சிவகாசி)

பதில்: நாலு வினாடி அமுக்கிப் பிடித்தால் அணைய வேண்டும் என்பதுதான் அதற்கு விதி. ஸ்விட்ச்சை மாற்றுங்கள். அதுவரை ரீசெட் பட்டனின் ஒயரை மதர்போர்டின் பவர் பின்களில் மாட்டிக்கொண்டு ஓட்டலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு.