சொகுசு செடானை டியூன் செய்து சூப்பர் கார் வேகத்துக்குக் கொண்டுபோக முடியுமா? அப்படி வந்தவற்றில் சிறந்தது எது?

முடியும். பலர் செய்து காட்டியிருக்கிறார்கள். அவற்றில் என் ஓட்டு 1990இல் வந்த லோட்டஸ் கார்ல்டனுக்கு.

சக்தியை மட்டும் பார்த்தால் அதைத் தாண்டிய கார்கள் நிறைய. ஜெர்மனியின் பாட்ரப் நகரில் இருக்கும் டியூனிங் கம்பெனியான பிராபஸ், 1996இல் ஒரு மெர்சிடிஸ் இ கிளாஸுக்குள் 7.3 லிட்டர் வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) எஞ்சினை இறக்கி, 582 குதிரைத்திறனோடு மணிக்கு 330 கி.மீ. ஓட்டிக் காட்டியது. எண்ணிக்கைப் போட்டி என்றால் அது அங்கேயே முடிந்துவிடும். ஆனால் எஞ்சின் சோதனைத் துறையில் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எஞ்சினில் சக்தியைக் கூட்டுவது இந்த வேலையில் கால்வாசிதான், அதுவும் எளிதான கால்வாசி. அந்தச் சக்தியைத் தாங்கவும் சக்கரத்துக்குக் கொண்டுபோகவும் மறுபடி நிறுத்தவும் கார் முழுவதையும் திருத்தியாக வேண்டும். மீதி முக்கால்வாசி அதுதான். அதை ஒரு காரில் வரிவரியாகப் படிக்க வேண்டுமென்றால் கார்ல்டனைத்தான் படிக்க வேண்டும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1986இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியான லோட்டஸை வாங்கியது. ஜெர்மனியின் ஓப்பல், இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் இரண்டும் ஏற்கெனவே அதன் கையில் இருந்தன. ஓப்பல் ஒமேகா என்ற பெரிய செடான் பிரிட்டனில் வாக்ஸ்ஹால் கார்ல்டன் என்ற பெயரில் விற்றது. கம்பெனி மேனேஜர்களும் விற்பனைப் பிரதிநிதிகளும் ஓட்டிய கார் அது. யாரும் நின்று திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த வரிசையிலேயே உயர்ந்ததான 3 லிட்டர் 24 வால்வு மாடலை ரூசல்ஸ்ஹைம் தொழிற்சாலையில் முழுதாகச் செய்து, நார்ஃபோக்கில் லோட்டஸ் இருக்கும் ஹெத்தலுக்கு அனுப்பினார்கள். அங்கே அதைப் பாதி பிரித்துப்போட்டு, மறுபடி கட்டினார்கள்.

முதலில் எஞ்சின். ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் வார்ப்பிரும்பு பிளாக். 2969 சிசி கொள்ளளவை 3615 சிசி ஆக்கினார்கள். சிலிண்டரின் விட்டம் அதே 95 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்தான் 69.8 மி.மீ.யிலிருந்து 85 மி.மீ. ஆனது. அதாவது பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட் புதிது, இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராட் புதிது, ஃபோர்ஜ் செய்த (அடித்து உருவாக்கிய) பிஸ்டன்களும் புதிது. பழைய பிஸ்டன் 10:1 அளவுக்கு அழுத்தியது. புதியதில் அதை 8.2:1ஆகக் குறைத்தார்கள். காரணம், இந்த எஞ்சினுக்கு டர்போ பொருத்தினார்கள். வெளியேறும் புகையால் சுழலும் அந்தக் கருவி ஏற்கெனவே அழுத்திய காற்றைத்தான் உள்ளே அனுப்புகிறது. அதை மறுபடி பத்து மடங்கு அழுத்தினால் சூடு ஏறி, தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேர்வதற்கு முன்பே மீதிப் பெட்ரோல் தானாக வெடிக்கும். நாக்கிங் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் உடைந்துவிடும்.

டர்போ ஒன்றல்ல, இரண்டு. கேரட் கம்பெனியின் சிறிய டி25 வகை. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த நுட்பம் ஒன்று இருக்கிறது. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-5-3-6-2-4. முன்பக்கத்து மூன்று சிலிண்டர்களை ஒரு டர்போவுக்கும் பின்பக்கத்து மூன்றை இன்னொன்றுக்கும் கொடுத்துப் பாருங்கள்: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாறி மாறி எரிகிறது. ஆகவே ஒவ்வொரு டர்போவுக்கும் புகை சீரான இடைவெளியில் வந்து மோதும். ஒரு சிலிண்டரின் புகை அடுத்ததன் வழியை மறிக்காது. புகை மோதிச் சுழற்றும் சக்கரமான டர்பைன் சிறிதாக இருப்பதால் சீக்கிரம் சுழன்றெழும். எண்பதுகளின் டர்போ கார்களில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய அந்த எரிச்சல் இதில் வெகுவாகக் குறைந்தது இப்படித்தான். டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைத் தண்ணீரால் குளிர்விக்கும் இன்டர்கூலரும் சேர்ந்தது. விளைவு, 204 குதிரைத்திறன் தந்த எஞ்சின் 377 தந்தது. எஞ்சின் தண்டைச் சுழற்றும் பலமான முறுக்குவிசை 270லிருந்து 568 நியூட்டன் மீட்டருக்கு ஏறியது.

முறுக்குவிசை இரண்டு மடங்குக்கு மேல் என்றால் அதை வாங்கும் கியர்பாக்ஸ் என்ன ஆகும்? பழையது தாங்காது. அமெரிக்காவில் அதே ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற கார்வெட் இசட்ஆர்-1இன் ஆறு கியர் இசட்எஃப் பெட்டியை எடுத்து வைத்தார்கள். அந்தக் கார்வெட்டின் எஞ்சினை வடிவமைத்ததே லோட்டஸ்தான் என்பதால் அந்தப் பெட்டியின் பலம் பலவீனம் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் வி8 காரிலிருந்து வந்தது. பின் சஸ்பென்ஷன் ஓப்பலின் பெரிய காரான செனட்டரிலிருந்து. டிக்கியில் எவ்வளவு சாமான் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாமல் தன்னைத்தானே சமன் செய்துகொள்ளும். ஐந்து பேரும் அவர்கள் பெட்டிகளும் ஏறிய பிறகும் வண்டி நேராக நிற்க வேண்டும் என்று யோசித்தவர்களை எனக்குப் பிடிக்கும். அதைக் கைவிட்டிருந்தால் இது செடானாகவே இருந்திருக்காது.

பிரேக் பற்றி ஒரு கணக்கு. சாதாரண 24 வால்வு கார்ல்டன் மணிக்கு ஏறக்குறைய 240 கி.மீ. போகும், லோட்டஸ் கார்ல்டன் 285. வேகம் கூடியது 19 சதவீதம்தான். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியில் ஏறுவதால், அந்த வேகத்திலிருந்து நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய சூடு சுமார் 40 சதவீதம் கூடுகிறது. அதனால்தான் முன்னால் 330 மி.மீ. டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் நான்கு பிஸ்டன் காலிப்பர், ஏபி ரேசிங் கம்பெனியின் தயாரிப்பு. அந்த டிஸ்க்கும் காலிப்பரும் அடங்க 17 அங்குலச் சக்கரம். பின்னால் 265 மி.மீ. அகல டயர் வந்ததும் பழைய மட்கார்டுக்குள் இடமில்லை, அதை அகலப்படுத்தினார்கள். ஒன்றைத் தொட்டால் அடுத்தது, அதைத் தொட்டால் இன்னொன்று. கார்ல்டனின் அந்தப் புடைத்த இடுப்பு அழகுக்காக வைத்ததல்ல, டயர் கேட்ட இடம்.

பழைய விமான ஓடுதளம் ஒன்றில் நடந்த கார் நிகழ்ச்சியில், எனக்குத் தெரிந்த ஒருவரின் கார்ல்டனில் பக்கத்து இருக்கையில் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. எல்லா லோட்டஸ் கார்ல்டனுக்கும் ஒரே நிறம்தான், இம்பீரியல் கிரீன். நிழலில் கறுப்பு, வெயிலில் நின்றால்தான் பச்சை என்று தெரியும். உள்ளே தோல் இருக்கைகள் தவிர மிரட்டும்படி எதுவும் கிடையாது. மூன்றாம் கியரில் மிதித்தபோது முதுகில் அறைகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஒரு கனமான தள்ளல் ஆரம்பித்தது, அது நிற்கவே இல்லை. கியர் மாற்றும் இடைவெளியில் மட்டும் மூச்சு விட்டேன். எனக்கு அதைவிட மனதில் நின்றது ஓட்டம் முடிந்த பிறகு அவர் செய்த காரியம். காரை ஓரம் கட்டியவர் சாவியைத் திருகவில்லை. எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு சில நிமிடம் உட்கார்ந்திருந்தார். உடனே அணைத்தால் டர்போவுக்குள் நிற்கும் ஆயில் அந்தச் சூட்டில் கருகிப் படியும், பேரிங் போய்விடும். பானெட்டில் வெட்டிய துவாரங்கள் வழியாக அனல் அலையலையாக எழும்பிக்கொண்டிருந்தது. பிரேக் சூடேறிய வாடை அடித்தது. முப்பது வருடம் தாண்டிய கார் இன்னும் முழு வேகத்தில் ஓடுகிறதென்றால் இந்தப் பொறுமைதான் காரணம்.

குறைகளும் உண்டு. ஸ்டியரிங் பழைய ரீசர்குலேட்டிங் பால் வகை. நடுவில் கொஞ்சம் மந்தமாக இருக்கும் என்று அன்றைய பத்திரிகைகளே எழுதின. கிளட்ச் கனம். சென்னை டிராஃபிக் மாதிரி ஒன்றில் இதைத் தினமும் ஓட்டினால் இடது கால் ஓய்ந்துவிடும்.

இப்போது சூப்பர் கார்களோடு ஒப்பிடுவோம், கேள்வி அதுதானே. அதே 1990இன் போர்ஷே 911 டர்போ 320 குதிரைத்திறன், 270 கி.மீ. வேகம். ஃபெராரி 348 சுமார் 300 குதிரைத்திறன், 275 கி.மீ. ஃபெராரியின் பெரிய காரான டெஸ்டரோசாதான் 290 கி.மீ.யோடு கொஞ்சம் முன்னால் நின்றது. இந்த வரிசையில் நான்கு கதவும் டிக்கியும் உள்ள ஒரு வாக்ஸ்ஹால் வந்து நுழைந்தது. அதோடு, அந்தக் காலத்தில் பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் போன்ற ஜெர்மன் கம்பெனிகள் தங்கள் வேகமான செடான்களை 250 கி.மீ.யில் மின்னணு முறையில் கட்டிப்போட்டிருந்தன. லோட்டஸ் கார்ல்டனுக்கு அந்தக் கட்டு போடவில்லை. 250க்கும் 285க்கும் 35தான் வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். காற்றை எதிர்த்துப் போகத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியில் ஏறும். 250இல் தேவைப்பட்டதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சக்தி 285க்கு வேண்டும்.

பிரிட்டனில் இதற்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. டெய்லி மெயில் இதைத் தடை செய்யச் சொல்லிப் பிரசாரமே நடத்தியது. பிறகு 1993 நவம்பரில் ஒரு கார்ல்டன் திருடு போய், அதை வைத்து ஒரு கும்பல் மாதக்கணக்கில் இரவில் கடைகளை உடைத்து சிகரெட்டும் மதுவும் அள்ளியது. போலீஸ் கார்களால் அதை நெருங்கவே முடியவில்லை. கார் ரசிகர்கள் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காலையில் கடையைத் திறக்க வந்து நொறுங்கிய ஷட்டரைப் பார்த்தவர்களுக்கு அதில் என்ன பெருமை? இந்தக் காரின் பெருமை ஹெத்தலில் நடந்த வேலையில் இருக்கிறது.

விற்பனை சரியாகப் போகவில்லை. விலை 48,000 பவுண்ட். அதோடு பொருளாதார மந்தம். 1,100 கார் செய்ய நினைத்து 1992இல் 950ஓடு நிறுத்தினார்கள். அதில் 320 கார்ல்டன், மீதி 630 இடது பக்க ஸ்டியரிங்கோடு ஒமேகா.

இதற்குச் சரியான போட்டி என்று நான் மதிப்பது அல்பினா பி10 பைடர்போ. பவேரியாவில் புக்லோ என்ற சிற்றூரில் புர்கார்ட் போவன்சீபன் நடத்திய கம்பெனி, பிஎம்டபிள்யூ 535ஐ காரை எடுத்து 1989 முதல் 1994 வரை 507 கார் செய்தது. ஆச்சரியம் என்னவென்றால் அங்கும் வரிசை ஆறு சிலிண்டர், அங்கும் இரண்டு கேரட் டி25. 360 குதிரைத்திறன், 520 நியூட்டன் மீட்டர். டர்போ அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு திருகு வைத்திருந்தார்கள். மழை நாளில் குறைத்துக்கொள்ளலாம். தினசரி ஓட்ட ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அல்பினாவைத்தான் எடுப்பேன். ஆனால் அவர்கள் தொடங்கிய இடம் ஏற்கெனவே அருமையான கார். லோட்டஸ் கடந்த தூரம் அதிகம். என் ஓட்டு அதனால்தான் மாறவில்லை.

மெர்சிடிஸ் ரசிகர்கள் ஏஎம்ஜி ஹேமரை ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். 1986இல் 300இ காருக்குள் சுமார் 360 குதிரைத்திறன் தரும் வி8 எஞ்சினைத் திணித்த அந்தக் கார்தான் இந்த வகைக்கே முன்னோடி, சந்தேகமில்லை. பெரிய எஞ்சினைக் கொண்டுவந்து வைப்பது ஒரு வழி, இருக்கும் எஞ்சினைப் பிரித்து வளர்ப்பது இன்னொரு வழி. எனக்கு இரண்டாவதில்தான் ஈடுபாடு.

உங்கள் காரை ரீமேப் செய்யும், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை மாற்றும் எண்ணத்தில் இதைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தை. கணினியில் மேப்பை மாற்றினால் ஒரு மதியத்துக்குள் சக்தி கூடிவிடும். கிளட்ச், பிரேக், டயர் மூன்றும் பழையபடியே இருக்கும். கடைக்காரர் சக்தியைப் பற்றி மட்டும் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கோரும் நாளில் அது முன்னால் வந்து நிற்கும்.

கார்ல்டனின் வாரிசைப் புதிதாகப் பார்க்க வேண்டுமென்றால் அதே ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக் சிடி5-வி பிளாக்விங்கைப் பாருங்கள். சூப்பர்சார்ஜர் (டர்போ போலக் காற்றை அழுத்தும், ஆனால் எஞ்சினே சுழற்றும் கருவி) பூட்டிய 6.2 லிட்டர் வி8, 668 குதிரைத்திறன், 320 கி.மீ.க்கு மேல் வேகம், கையால் மாற்றும் ஆறு கியர். இது டியூன் செய்து வந்ததல்ல, தொழிற்சாலையிலிருந்தே இப்படித்தான் வருகிறது.