நேரில் பார்த்தவர் சொன்னால் போதுமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் வரலாற்றுப் பாடத்தில் முதன்மைச் சான்றுக்கும் (நிகழ்விலிருந்து நேரடியாக வந்த பதிவு) இரண்டாம் நிலைச் சான்றுக்கும் (பிறர் சொன்னதை வைத்து எழுதியது) வரையறையைப் பிழையின்றி ஒப்பிக்கிறார்கள். ஆனால் இரண்டையும் கையில் கொடுத்தால், "நேரில் பார்த்தவர் சொன்னதே உண்மை" என்று முடித்துவிடுகிறார்கள். ஒப்பிடக் கற்பிப்பது எப்படி?

பதில்: வரையறைக்கு இரண்டு மதிப்பெண், ஒப்பீட்டுக்கு ஒன்றுமில்லை என்று வினாத்தாள் அமைக்கும்வரை மாணவர்கள் மனப்பாடம்தான் செய்வார்கள், அதை விடுங்கள். முதலில், ஒன்றுக்கொன்று முரண்படும் இரண்டு முதன்மைச் சான்றுகளைக் கொடுங்கள். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது, கவிழ்ந்து கிடந்த ஒரே படகின் மேல் ஏறி உயிர் தப்பியவர்களில் இருவர் கப்பலின் அதிகாரி லைட்டோலர், 17 வயதுப் பயணி ஜாக் தேயர். கப்பல் முழுதாகவே மூழ்கியது என்று விசாரணையில் சாட்சியம் அளித்தார் முன்னவர். உடைந்தது என்றார் பின்னவர். முழுதாக மூழ்கியது என்றே பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையும் முடிவு கூறியது. 1985-இல் கடலடியில் கண்டெடுக்கப்பட்ட கப்பலோ இரண்டாக உடைந்து கிடந்தது. லைட்டோலர் அந்தக் கப்பல் நிறுவனத்தின் ஊழியர் என்பது அவருடைய கூற்றைப் பாதித்திருக்குமா, இருட்டில் அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும், அவரை விசாரணைக் குழு ஏன் நம்பியது என்ற கேள்விகளை மாணவர்களே எழுப்பட்டும்.

நான் மிகவும் அஞ்சுவது, விலைக்கு விற்கப்படும் ஆயத்தப் பயிற்சித்தாள்களையும் வழிகாட்டி நூல்களையும்தான். நீண்ட சாட்சியத்திலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை வெட்டியெடுத்து, யார், எப்போது, யாருடைய கேள்விக்குப் பதிலாகச் சொன்னார் என்பதையெல்லாம் நீக்கிவிட்டு, மேலே "முதன்மைச் சான்று" என்று அச்சிட்டுவிடுகிறார்கள். கேள்வியை இழந்த பதிலை எதனோடு ஒப்பிடுவது? அந்த விசாரணையின் முழுப் பதிவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது, இந்த வியாபாரிகளுக்குப் பணம் கொடுக்கப் பள்ளிகள் ஏன் துடிக்கின்றன என்பது எனக்கு விளங்கவில்லை.

நாளிதழை மட்டும் தனியாகக் கவனியுங்கள். கப்பல் மூழ்கிய அன்றே, பயணிகள் அனைவரும் பிழைத்துவிட்டதாகச் சில நாளிதழ்கள் செய்தி வெளியிட்டன. இறந்தவர்களோ சுமார் 1500 பேர். விபத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், பிறர் சொல்லக் கேட்டு எழுதிய அந்தச் செய்தியை முதன்மைச் சான்றாகக் கொள்ள இயலாது. அன்று மக்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்று கேட்டாலோ, அதைவிடச் சிறந்த முதன்மைச் சான்று இல்லை. தாள் ஒன்றேதான், கேள்வி மாறியதும் அதன் வகையும் மாறிவிடுகிறது. இதற்கே ஒரு பாடவேளை முழுவதும் போய்விடும், போகட்டும்.

திருத்தும்போது, "நேரில் பார்த்ததால் சரி" என்று மட்டும் எழுதிய விடைக்கு மதிப்பெண் போடாதீர்கள். எங்கிருந்து பார்த்தார், எப்போது சொன்னார் என்பதையும் எழுதச் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.