தடயவியல் உளவியல் படிச்சால் எங்கட நாட்டுப் பொலிஸ், நீதிமன்றங்களில இருக்கிற பாகுபாட்டுக்கு ஏதும் செய்யலாமா?

ஏ.எல். முடிச்சிட்டு எந்தப் படிப்புக்குப் போறது எண்டு யோசிக்கிறீங்கள் போல. தடயவியல் உளவியல் எண்டால் பொலிஸ் விசாரணை, கோட்டு வழக்குகளில உளவியலைப் பாவிக்கிற படிப்பு. நான் உளவியல் படிச்சவனில்லை. கிளாக்கரா இருந்து பென்சன் எடுத்தவன். ஆனால் இந்தக் கேள்வியைக் கண்டிட்டுப் பேசாமல் போக ஏலாது. ஒரு பெடியன் 14 நாள் உள்ளுக்க இருந்ததில எனக்கும் பங்கிருக்கு.

யுத்தம் முடிஞ்சு ரெண்டு மூண்டு வருசம் இருக்கும். ஊர்க் கடையொண்டில போன் காணாமல் போச்சு. முதலாளி, "அந்தக் குறிச்சிப் பெடியள்தான்" எண்டு ஒருத்தன்ர பேரைக் குடுத்திட்டார். எந்தக் குறிச்சி எண்டு யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. (சாதியை ஏன் இழுக்கிறாய் எண்டு கீழ வந்து எழுதப் போறவைக்கு: நான் இழுக்கேல்லை. முறைப்பாடு எழுத முதலே அது வந்து குந்தியிருந்தது.) பொலிஸில அண்டைக்குத் தமிழ் தெரிஞ்ச ஆள் இல்லை. நான் 9 வருசம் கொழும்பில இருந்தவன், சிங்களம் ஓடும். வேற அலுவலாப் போன என்னை இருத்திவைச்சு மொழிபெயர்க்கச் சொல்லிச்சினம்.

பெடியனுக்கு 19 வயசு.

"அண்டைக்குக் கடைக்குப் போனனியோ?"
"ஓம் சேர்."
"மேசையில போன் கிடந்ததோ?"
"ஓம் சேர்."
"நீதானே எடுத்தனி?"
"ஓம்... சேர்."

மூண்டு ஓமுக்கும் நான் சிங்களத்தில ஒரே 'ஒவ்' (ஓம்) தான் போட்டன்.

வீட்டை வந்து சாப்பிட இருக்கேக்கதான் உறைச்சது. ஆச்சி போனில கதைக்க "ஓம், ஓம்" எண்டு கொண்டிருக்கிறமே, அவ சொல்லுற எல்லாத்துக்கும் சம்மதமெண்டோ? 'கேட்டுக்கொண்டிருக்கிறன், சொல்லுங்கோ' எண்டதுதானே அது. அவன்ர மூண்டாவது ஓம், 'சேர் அடிக்காதேங்கோ' எண்ட ஓம். தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டது பயமும் மரியாதையும். சார்ஜன்ட் அதைக் கள்ளமுழி எண்டார். பொலிஸுக்குச் சொன்ன ஒப்புதல் கோட்டில எடுபடாது எண்டு சட்டம் தெரிஞ்சவை சொல்லுவினம். சரிதான், ஆனால் விளக்கமறியலுக்குப் போறதை அது மறிக்கேல்லை. போனைக் கொண்டுபோனது முதலாளியின்ர மருமகன். முதலாளி அந்தப் பெடியனிட்ட மன்னிப்புக் கேக்கேல்லை. நானும்தான்.

என்ர மகள் உளவியல் படிச்சவள். இந்தக் கதையைச் சொல்ல, 1976இல அவுஸ்திரேலியாவின்ர வட பிரதேசத்தில நடந்த அனுங்கா வழக்கைப் பற்றிச் சொன்னாள். பழங்குடிச் சனம் அதிகாரியைக் கண்டால் அவர் விரும்புற பதிலைத்தான் சொல்லும் எண்டு நீதிபதி ஃபோர்ஸ்டர் பொலிஸுக்கு விதி எழுதினவராம். மொழிபெயர்ப்பாளர் வேணும், துணைக்கு ஒருத்தர் பக்கத்தில இருக்கவேணும், உரிமையைச் சொல்லிப்போட்டு அதை அவையின்ர வாயால திருப்பிச் சொல்லவைக்க வேணும், ஒத்துக்கொண்டாலும் வேற சாட்சியம் தேடவேணும். ஐஸ்லாந்து உளவியலாளர் குட்ஜோன்சன், நெருக்கிக் கேட்டால் ஒருத்தர் எவ்வளவு லேசா வளைஞ்சு குடுப்பார் எண்டு பாக்க 1984இல ஒரு அளவுகோலே செய்தவர். ஒரு சின்னக் கதையை வாசிச்சுக் காட்டி 20 கேள்வி. அதில 15 வழுக்கவைக்கிற கேள்வி. பிறகு "பிழை விட்டிட்டாய், திரும்பச் சொல்லு" எண்டு கடுப்பாச் சொல்லி, எத்தினை பதில் மாறுது எண்டு எண்ணுறது. அந்தப் பெடியனுக்கு வைச்சிருந்தால் இருபதும் மாறியிருக்கும்.

ஆனால் அளவுகோலைக் கொண்டு போய் எங்க வைக்கிறது? 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குடுத்த வாக்குமூலம் செல்லும். வெருட்டி எடுத்தது எண்டு காட்ட வேண்டியது குற்றஞ்சாட்டப்பட்டவர். அந்தச் சட்டத்தில மாட்டின, சிங்களம் தெரியாத சிங்கராசா எண்டவர், சிங்கள வாக்குமூலத்தில பெருவிரல் வைச்சு 50 வருசத் தண்டனை வாங்கினவர், மேன்முறையீட்டில 35. 2004இல ஐ.நா. மனித உரிமைக் குழு பிழை எண்டு சொல்லியும், 2006இல எங்கட உயர் நீதிமன்றம் தீர்ப்பை மாத்தேல்லை.

சரி, படிச்ச என்ர மகளுக்கு என்ன கிடைச்சது? வேலையில்லாப் பட்டதாரி எண்டு கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில வெயிலுக்க குந்தியிருந்து, கடைசியா அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனம். கொப்பியும் கையுமா வீடுவீடாக் கோழிக் கணக்கு எடுக்கிறாள். நாலு வருசப் படிப்பு! அரசாங்கம் கோழிக்கும் உளவியல் பாக்குதோ தெரியாது.

உங்களைப் படிக்கவேண்டாம் எண்டு சொல்ல வரேல்லை. படியுங்கோ, சிங்களமும் சேர்த்துப் படியுங்கோ. கேள்வி கேட்டது தமிழ் சார்ஜன்ட் எண்டாலும் அந்தக் குறிச்சிக் கதை மாறியிராது எண்டு கீழ ஒருத்தர் எழுதுவார். அவர் சொல்லுறதும் உண்மைதான்.