குடும்ப ஜெபத்தில் 119-ஆம் சங்கீதம்: பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள் என்றால்

குடும்ப ஜெபத்தில் வேதாகமத்தின் 119-ஆம் சங்கீதத்தை வாசிக்கும்போது பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள், என்ன செய்வது என்று கேட்கிறீர்கள், சகோதரி. ஒரே இரவில் அதை முடிக்கப் பார்த்தால் தூங்கத்தான் செய்வார்கள். 176 வசனம்! எபிரெய எழுத்து வரிசைப்படி 22 பகுதிகள், பகுதிக்கு 8 வசனம். மூலத்தில் அந்த எட்டும் ஒரே எழுத்தில் தொடங்கும். ஆகவே நாளுக்கு ஒரு பகுதி போதும். வீட்டில் நால்வர் என்கிறீர்கள். ஆளுக்கு இரண்டு வசனம் சத்தமாக வாசியுங்கள். பிறகு ஒரே வசனத்தை எடுத்து, "இதை வைத்து நாளைக்கு என்ன செய்யலாம்?" என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். உதாரணமாக, ஐந்தாம் பகுதியில் 37-ஆம் வசனம், மாயையைப் பாராதபடி கண்களை விலக்கச் சொல்லிக் கேட்கிற ஜெபம். அன்றிரவே எல்லோருடைய கைபேசியும் (உங்களுடையதும் சேர்த்துத்தான்) வேறு அறைக்குப் போகட்டும். விளக்கவுரை வேண்டாம், பெரியவர்கள் பிரசங்கம் ஆரம்பித்தால் திரும்பவும் தூக்கம்தான்.